சோளமும் வேளையும்

மேல்நாட்டுப் பூந்தோட்ட நூல்களில் ஓராண்டுச் செடிகளைப் பற்றிய பகுதியைப் புரட்டுவோர் இரு பெயர்களை அருகருகே காண நேர்வதுண்டு. ஒன்று அலங்காரச் சோளம், மற்றையது சிலந்திப்பூ. முன்னது வெண்மையும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கோடிட்ட இலைகளுக்காகவும், நீலம், ஊதா, செம்மை, கருமை எனப் பல நிறம் காட்டும் மணிகளுக்காகவும் வளர்க்கப்படுவது. பின்னது, நீண்ட கேசரங்கள் சிலந்தியின் கால்களைப் போல நாற்புறமும் நீட்டி நிற்கும் பூங்கொத்துக்காக வளர்க்கப்படுவது. இரண்டும் விதையிலிருந்து ஒரே பருவத்தில் ஆளுயரத்துக்கு எழும்பிப் பாத்தியின் பின்வரிசையை நிரப்புவன; பருவம் முடிய மடிவன. எனவே, இடம் குறைந்த தோட்டத்துக்கு இரண்டில் எதனைத் தேர்வது என்னும் வினா அந்நாட்டவர்க்கு இயல்பாகவே எழுகின்றது.

நெடுங்கேணியிற் பிறந்த ஒருவனுக்கு இவ்வினா முதலில் நகைப்பையே விளைவிக்கும். சோளம் எங்களுக்குத் தின்பதற்குரியது. சிலந்திப்பூவின் இனத்தைச் சேர்ந்த வேளையோ எங்கள் முற்றத்திற் கேளாமலே முளைப்பது. ஒன்றைப் பயிரென்றும் மற்றதைக் களையென்றும் அறிந்திருந்தோமேயன்றி, அழகு பற்றி இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாம் என்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வளவிலேயே இவ்வினா எழுந்து, தாய்க்கும் மகளுக்குமிடையே சிறியதொரு வழக்காகவும் வளர்ந்துவிட்டமையால், அதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும் என்று கருதுகின்றேன்.

ஏ9 நெடுஞ்சாலையிற் புளியங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவை நோக்கிப் பிரியும் வீதியில் அமைந்தது நெடுங்கேணி. குளத்து நீர் பாயும் இடங்களில் நெல். பாயாத மேட்டு நிலத்தில் உழுந்து, பயறு, கச்சான், எள்ளு, குரக்கன், சோளம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் நிலம் காயும். சோளகம் வீசத் தொடங்கியதும் முற்றத்துச் செம்மண் புழுதியாக எழும். இத்தகைய நிலத்திற் பூமரங்கள் கிணற்றடியைச் சார்ந்தே நிற்பன. செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றுக்கு மேலாக ஒரு பூச்செடியை எங்கள் தெருவில் நான் சிறுவனாயிருந்த காலத்திற் கண்டதாக நினைவில்லை.

எங்கள் ஆச்சி சோளத்தை வளவிலேயே நடுவார். முதல் மழை மண்ணிற் சுவறியதும், குழிக்கு இரண்டு மணியாக இட்டு, காலால் மண்ணைத் தள்ளி மிதித்துச் செல்வார். வேலியோரமாக நீள வரிசையில் நடாது, ஒரு மூலையிற் சதுரமாக நெருக்கி நடுவது அவர் வழக்கம். காரணம் கேட்டால், “தனிச்சு நிண்டா பொக்கைப் பொத்திதான் வரும்” என்பார்.

ஆச்சியின் இக்கூற்று எத்துணை நுட்பமானது என்பதைப் பிற்காலத்திலே தாவரவியல் வகுப்பிற்றான் உணர்ந்தேன். சோளத்தின் ஆண்பூக்கள் உச்சியிலே கதிராக விரிகின்றன. பெண்பூக்கள் இடையிலே மடல்களுக்குள் மறைந்திருக்கின்றன. பொத்தியின் நுனியில் மயிர்க்கற்றை போலத் தொங்கும் பட்டிழைகளில் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு மணிக்குரியது. காற்றிலே மிதந்து வரும் மகரந்தம் ஓர் இழையிற் படாதாயின் அந்த மணி உருவாகாது. அவ்விடம் வெற்றிடமாக நிற்கும். தனி வரிசையில் நின்றால் மகரந்தம் காற்றோடு வேறிடம் போய்விடும். கூட்டமாக நின்றால் ஒன்றினது மற்றொன்றிற் படும். அலங்காரச் சோளத்தை நடுவோருக்கும் மேல்நாட்டு நூல்கள் இதே அறிவுரையையே கூறுகின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகின்றது. ஒரே பொத்தியிலுள்ள மணிகள் ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளைகளேயாயினும் தந்தையர் வேறாக இருத்தல் கூடும். அலங்காரச் சோளத்தின் பன்னிற அழகு இதனாலேயே வாய்க்கின்றது. ஆச்சியின் சோளத்தில் வெள்ளையும் மஞ்சளும் கலந்திருந்தமைக்கும் அதுவே காரணம். நிறம் ஒரே மணியிற் புள்ளிபுள்ளியாகச் சிதறிக் கிடப்பதும் உண்டு. அப்புள்ளிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் பாபரா மக்ளின்ரொக், பரம்பரையலகுகளிற் சில நிறமூர்த்தத்தில் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயரக்கூடியன என்று கண்டார். நெடுங்காலம் பலராலும் ஏற்கப்படாதிருந்த அம்முடிவுக்கு 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பிறர் கதவலங்காரமாகக் கண்ட பொருளைக் கூர்ந்து நோக்கியதனாற் கிடைத்த பேறு அது.

கதவலங்காரம் என்றது உவமையன்று. வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் நிறச் சோளப் பொத்திகளை மடலோடு கட்டி வீட்டு வாயிலிற் தொங்கவிடுதல் மரபு. ரொறன்ரோவில் வாழும் எங்கள் மாமா, சில ஆண்டுகளுக்கு முன்னர், தம் வீட்டுக் கதவின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். ஊதாவும் செம்மையுமான மூன்று பொத்திகள் மடலாற் பிணைக்கப்பட்டுக் கதவின் நடுவே தொங்கின. ஆச்சி அப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “விதைக்கே கட்டியிருக்கினம்?”

அவர் அங்ஙனம் கேட்டது இயல்பே. எங்கள் வீட்டிலும் சோளப் பொத்திகள் தொங்கியதுண்டு. ஆனால் அடுப்புக்கு மேலே, புகை படியும் வளையில். மார்கழியில் அவித்துத் தின்றவை போக, பெரிதும் நிறைந்ததுமான நாலைந்து பொத்திகளைச் செடியிலேயே முற்றவிட்டு, மடலைப் பின்புறமாக உரித்து ஒன்றோடொன்று முடிந்து அங்கே மாட்டிவிடுவார். புகைபட்ட மணியை வண்டு அணுகாது. அடுத்த ஐப்பசி வரை அவை அங்கேயே கிடக்கும். அவற்றை யாரும் அழகுப் பொருளாகக் கருதியதில்லை. தொடவும் எங்களுக்கு உரிமை இருக்கவில்லை. ரொறன்ரோக் கதவிலும் நெடுங்கேணி அடுக்களையிலும் முடிச்சு ஒன்றுதான். அங்கே அறுவடை முடிந்தமைக்கு அடையாளமாகத் தொங்கியது, இங்கே அடுத்த விதைப்புக்குப் பிணையாகத் தொங்கிற்று.

சோளம் எங்கள் மண்ணுக்குரியதன்று என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பழந்தமிழ் நிலத்திற் சோளம் எனப்பட்டது வேறொரு தானியம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோவின் தென்பகுதியிலே காட்டுப் புல்லொன்றிலிருந்து மக்கள் பயிராக்கியெடுத்த இந்தப் புதுத் தானியம், கொலம்பசின் பயணத்துக்குப் பின்னரே கடல் கடந்தது. தமிழகத்தார் அதற்கு ‘மக்கா’ என்னும் அடையிட்டு வேற்றூரதென்று இன்றும் பிரித்தே கூறுகின்றனர். ஈழத்தவராகிய நாமோ அடையை இடாது, பழையதன் பெயரையே வந்ததற்கு முழுமையாகக் கொடுத்துவிட்டோம். வந்தேறிக்கு இதனிலும் மேலான வரவேற்பு வேறென்ன வேண்டும்?

வேளையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. வெண்ணிறப் பூவும் ஐந்து சிற்றிலைகளும் கொண்டு, கசக்கினாற் கடுகின் காரம் மணக்கும் இச்செடியைத் தைவேளை என்றும் நல்வேளை என்றும் அழைப்பர். மஞ்சட் பூவுடையது நாய்வேளை. சங்கச் செய்யுள்களில் வேளைக்கு உள்ள இடம் சிறிதன்று. கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டை நினைந்து பாடிய புறநானூற்றுப் பாட்டில், எருப்படிந்த தெருவில் வளர்ந்த வேளையின் பூவைத் தயிரோடு கூட்டி ஆயர்மகள் ஆக்கும் புளிங்கூழ் வருகின்றது. சிறுபாணாற்றுப்படையிலோ அதே வேளை வறுமையின் கறியாகின்றது. குப்பையிலே கிள்ளியெடுத்த அதன் இலையை உப்புமின்றி அவித்து, பிறர் கண்டால் நாணமென்று கதவை அடைத்துக்கொண்டு ஒரு குடும்பம் உண்கின்றது.

தயிரோடு கூட்டும் அப்பழைய பாகம் வெறும் சுவை பற்றியதன்று. வேளையிலை கசப்புடையது. கென்யாவின் மேற்குப் பகுதியில் இதே செடியை மக்கள் இன்றும் விரும்பி உண்கின்றனர். அவித்த இலையைப் பாலிலிட்டு ஊறவைத்துக் கசப்பை நீக்குவது அங்கும் வழக்கம். அங்கே அது சந்தையில் விலைக்கு விற்கும் கீரை. எங்கள் சந்தையில் வேளையை எவரும் விலைக்கு வைத்ததை நான் கண்டதில்லை. ஆச்சி மட்டும் மழைக்காலத்தில் ஒருமுறையாவது அதன் கொழுந்தைக் கிள்ளி, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் இட்டு வறை வறுப்பார். நாங்கள் முகம் சுளித்துக்கொண்டே உண்போம்.

பூவின் அமைப்பிலும் இவ்விரு செடிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. சோளத்தில் ஆண் உச்சியிலும் பெண் இடையிலுமாகப் பிரிந்து நிற்க, வேளையிலோ கேசரங்களும் சூலகமும் ஒரே காம்பின் மீது சேர்ந்து, இதழ்களுக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. லின்னேயசு அதற்குச் சூட்டிய கிரேக்க அடைமொழியின் பொருளே பெண்ணும் ஆணும் என்பதாம். நான்கு வெள்ளிதழ்களும் ஒருபுறமாக மேல்நோக்கி எழ, ஊதா நிறக் கேசரங்கள் முன்னே நீள, காலையில் அதனை அருகே சென்று நோக்கினால், மேல்நாட்டார் விலை கொடுத்து வாங்கும் சிலந்திப்பூவின் அழகில் எதுவும் அதற்குக் குறைவில்லை என்பது தெரியும். சிறிது என்பதொன்றே குறை.

பெரிய சிலந்திப்பூ எங்கள் வளவுக்கு வந்தது 2018ஆம் ஆண்டில். அப்போது பேராதனையிற் பயின்றுகொண்டிருந்த என் தங்கை, மலையகத் தோழியொருத்தியின் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பிடி விதையைக் கடதாசியில் மடித்துக் கொணர்ந்தாள். தென்னமெரிக்காவின் பராகுவே, ஆர்ஜென்ரீனா முதலிய நாடுகளுக்குரிய இச்செடிக்கு, பராகுவேயிலே தாவரங்களைத் தேடிச் சேகரித்த ஹஸ்லர் என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவரின் பெயர் வழங்குகின்றது. தண்டெங்கும் பிசுபிசுத்த மயிர். இலைக்காம்பின் அடியிற் சிறு முட்கள். நெருங்கினால் இனியதென்று சொல்ல முடியாத வாடை. மாலையில் உச்சியிலே புதுப் பூக்கள் கட்டவிழும். முதல் நாள் மலர்ந்தவை வெயில் ஏறச் சுருண்டு விழ, அவற்றின் அடியிற் காய்கள் நீண்ட காம்புகளில் நீட்டிக்கொண்டு நிற்கும். படலையின் இருமருங்கும் அவை இளஞ்சிவப்பாகப் பூத்து நின்ற முதல் மாதத்தில் வீதியாற் சென்றவர்கள் சைக்கிளை நிறுத்தி விசாரித்தனர்.

வழக்கு அப்போதுதான் தொடங்கிற்று. மழை ஓய்ந்த பின்னர் செடிகளுக்கு நீர் வார்க்க வேண்டியிருந்தது.

“பூத்திட்டுப் போற செடிக்கு நான் கிணத்தில அள்ளி ஊத்தேலாது பிள்ளை” என்றார் அம்மா.

“எல்லாத்தையும் திண்டு பாக்கிறதுக்கோ அம்மா நடுறது?” என்றாள் தங்கை.

இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. ஆயினும் நீர் பற்றி அம்மா கூறியதற்குத் தாவர உடற்றொழிலியலிலும் ஆதாரமுண்டு என்பது எனக்கு வியப்பைத் தந்தது. 1966ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே ஹச், சிலாக் என்னும் இருவர் கரும்பின் இலையை ஆராய்ந்து, அது காபனீரொட்சைட்டைப் பற்றும் முறை பெரும்பாலான தாவரங்களின் முறையினின்று வேறானது என்று வெளியிட்டனர். நான்கு காபன் அணுக்களுடைய சேர்வையாக அதனை முதலிற் பற்றி, உட்கலங்களிலே செறித்துவைத்து ஒளித்தொகுப்பு நடத்தும் முறை அது. அத்தகைய இலை, இலைவாய்களைக் குறைவாகவே திறந்து, குறைந்த நீரிற் கூடிய வளர்ச்சியைப் பெறும், வெயிலுக்கு அஞ்சாது. சோளம் அவ்வினத்தைச் சேர்ந்தது. எங்கள் வேளையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பெரிய சிலந்திப்பூவோ அம்முறையைக் கொண்டதன்று. உறவால் வேளைக்கு நெருங்கியது சிலந்திப்பூ. ஆனால் வெயிலை எதிர்கொள்ளும் வகையில் வேளைக்குத் தோழன் புல்லினமாகிய சோளம். பரம்பரையால் எட்டி நின்ற இரு செடிகள் ஒரே தீர்வைத் தனித்தனியே கண்டுகொண்டுள்ளன. சோளகக் காற்றிலே எங்கள் முற்றத்தில் எது நிற்கும், எது சாயும் என்பதை முடிவு செய்வது இதுவே.

இதுவரை கூறியன வளவிலே மனிதர் இருக்கும் காலத்துக்குப் பொருந்துவன. மனிதர் இல்லாத காலத்தில் இச்செடிகளின் தராதரம் வேறாகிவிடுகின்றது. என் நோக்கில் இவ்வொப்பீட்டின் மையம் அதுவேயாகும்.

2008ஆம் ஆண்டில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. வளையில் மாட்டிய விதைப் பொத்திகளை ஆச்சி அவிழ்த்துச் சாக்கொன்றில் இட்டுக் கூடவே எடுத்து வந்தார். போன இடங்களில் ஓரிடத்தில் அவை உணவாயின. 2009இற் போர் முடிந்து, முகாமில் வாழ்ந்து, 2011இல் வளவுக்குத் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் எஞ்சியிருந்தன. மற்றெல்லாம் பற்றை. சோளம் நின்ற மூலையில் ஒரு சோளந்தானும் இல்லை.

இருக்கவும் முடியாது. சோளம் தன் விதையைத் தானே உதிர்க்க மாட்டாத செடி. மணிகள் தண்டோடு இறுகி, மடல்களாற் பொதியப்பட்டிருக்கின்றன. பொத்தி அப்படியே நிலத்தில் வீழ்ந்தாலும் நூற்றுக்கணக்கான மணிகளும் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெருக்கி மடியும். உரித்து, உதிர்த்து, இடைவெளி விட்டு ஊன்ற ஒரு கை வேண்டும். ஒன்பதாயிரம் ஆண்டுகள் மனிதரோடு கூடி வாழ்ந்து, மனிதரின்றி வாழும் ஆற்றலை அது முற்றாக இழந்துவிட்டது. நாங்கள் இல்லாத மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வளவிலே சோளமும் இல்லை.

பற்றையை வெட்டிக் கொளுத்தி நிலத்தைத் துப்புரவாக்கினோம். ஐப்பசியில் முதல் மழை பெய்தது. எட்டாம் பத்தாம் நாள் அத்திவாரத்தைச் சுற்றிலும் வேளை முளைத்து நின்றது. எவரும் விதைக்கவில்லை. மண்ணுக்குள்ளே பொறுத்துக் கிடந்த நுண்ணிய கரு விதைகள், மண் கிளறப்பட்டு ஈரம் பட்டதும் எழுந்தன. ஆச்சி குனிந்து பார்த்து, “இது நிக்குது” என்றார். அன்றைக்கு வளவில் விளைந்த முதற் கறி அதுவே. முகம் சுளிக்க எவரும் இருக்கவில்லை.

பின்னாளிற் புறநானூற்றின் இருபத்துமூன்றாம் பாட்டைப் பயின்றபோது அக்காட்சி மீண்டும் என் கண்முன் வந்தது. தலையாலங்கானத்துப் போர் வென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடியது அது. மன்னனின் படை அழித்த நிலத்தைக் கடந்து வந்த புலவர், ஆளரவமற்ற அப்பாழிடத்திலே, புலியால் துணையை இழந்த பெண்மான் தன் குட்டியோடு நின்று வேளைப்பூவை மேய்வதைக் காட்டுகின்றார். போருக்குப் பிந்திய நிலத்தில் எது முளைக்கும் என்பதை அவர் நேரிற் கண்டே சொல்லியிருக்க வேண்டும். உரையாசிரியர் வேளைக்குப் பொருள் கூறுவதோடு அமைவர். எங்கள் ஊரிற் பிறந்தவர்க்கு அதற்கு மேலும் உரை வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு வளவிற் சோளம் நின்றால் அங்கே இப்போது ஒருவர் இருக்கின்றார் என்று கொள்ளலாம். வேளை நின்றால் எக்காலத்திலோ ஒருவர் இருந்தார் என்று மட்டுமே கொள்ளலாம். அழகு பற்றிய ஒப்பீட்டில் மேல்நாட்டு நூல்கள் இதனைக் கூறுவதில்லை. சிலந்திப்பூத் தானே விதைத்துப் பெருகுவதை அவை ஒரு வசதியாகவோ தொல்லையாகவோதான் குறிப்பிடுகின்றன. தங்கையின் சிலந்திப்பூவும் இப்போது படலையடியில் ஊன்றாமலே முளைக்கத் தொடங்கிவிட்டது. நீர் வார்க்காத செடிகள் குட்டையாக நின்று, ஆனாலும் பூக்கின்றன.

சோளத்துக்கு மீண்டும் விதை தேட வேண்டியிருந்தது. முதலிற் கடையில் வாங்கிய பொதி கலப்பினம். முதலாண்டு விளைச்சல் அளவொத்துப் பெரிதாக இருந்தது. அதிலிருந்து ஆச்சி விதைக்கென எடுத்துவைத்ததை மறு ஆண்டு ஊன்றியபோது, சில நெடிதாகவும் சில குறிதாகவும் ஒன்றுக்கொன்று சேராமல் எழுந்தன. கலப்பினத்தின் இயல்பு அது. ஆண்டுதோறும் புதுப் பொதி வாங்குவோருக்கே அது பயன் தரும். பின்னர் ஒட்டுசுட்டானிலிருந்து உறவினர் ஒருவர் கொணர்ந்த நாட்டுச் சோளம் வெள்ளையும் மஞ்சளும் கலந்தது. ஆச்சியின் பழைய சோளத்தை ஒத்தது. 2018இன் கடைசியிற் சேனாப் படைப்புழு நாட்டுக்குள் நுழைந்து எங்கும் சோளத்தைத் தின்றழித்தபோது, ஆச்சி விடியற்காலையில் ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை இட்டு வந்தார். நாற்பது செடிகளுள்ள மூலைக்கு அது இயலும். நாலு ஏக்கருக்கு இயலாது. மறு ஆண்டு ஆச்சி காலமானார்.

அதன்பின் சில காலம் விதைப் பொத்திகளுக்கு இடமிருக்கவில்லை. புதிய வீட்டு அடுக்களையில் எரிவாயு அடுப்பு, புகையில்லை, வளையுமில்லை. போத்தலிலே அடைத்துவைத்த மணிகளை வண்டு துளைத்தது. 2022இல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அம்மா பின்புறத் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினார். எரிவாயு மீண்டும் கிடைத்த பின்னரும் அவ்வடுப்பு அணையவில்லை. அதற்கு மேலே, தாழ்வாரத்துக் குறுக்கு மரத்தில், இப்போது ஐந்து பொத்திகள் தொங்குகின்றன. தங்கை தன் சிலந்திப்பூ விதையையும் ஒரு சீலைத் துண்டில் முடிந்து அவற்றின் அருகே மாட்டியிருக்கின்றாள். அதற்குப் புகை தேவையில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அவிழ்க்கவில்லை.